மேலே இரண்டு, கீழே இரண்டு

ஆம்ப்ளிஃபயர் மாறிவிட்டது. ஸ்பீக்கரும் மாறிவிட்டது. போன வாரம் பழைய ஒயரைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, "இனி மாத்த வேண்டியது இது ஒண்ணுதான்" என்று காதுக்காரர் சொன்னார் அல்லவா? அந்த ஒன்றுக்காகத்தான் சனிக்கிழமை மத்தியானம் புருஷனும் பெண்டாட்டியும் காரில் ஏறினார்கள்.

காதுக்காரர் என்பது கம்பெனியில் வைத்த பெயர். லிஃப்ட் கம்பெனியில் முப்பத்தோரு வருஷமாக இன்ஸ்பெக்டர். மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறைக்குப் போவார். நீளமான ஒரு ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற மோட்டார் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொள்வார். அரை நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டு, "இந்த பேரிங் இன்னும் ரெண்டு மாசம் தாங்கும்" என்பார். சொல்லி வைத்த மாதிரி அறுபதாம் நாள் அது போகும். கம்பெனி போன வருஷம் சத்தத்தையும் அதிர்வையும் அளக்க ஒரு கருவி கொடுத்தது. அதன் பெட்டியைக்கூட அவர் பிரிக்கவில்லை. மிஷின் சொல்வதைக் கேட்க இன்னொரு மிஷின் எதற்கு என்று கேட்டார்.

அவர் மனைவிக்கு டோக்கனம்மா என்று பெயர். பல் ஆஸ்பத்திரியில் இருபது வருஷமாக டோக்கன் கொடுக்கிறாள். வருகிறவர்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு வருவதால், பேச்சு முழுக்க இவளுடையதுதான்.

கார் கிளம்புகிற நேரத்தில் மகள் போன் செய்தாள்.

"அம்மா, எங்க லிஃப்ட் நேத்துலேர்ந்து கீச்கீச்சுனு கத்துது. அப்பாகிட்ட சொல்லு."

மகள் பத்து மாடிக் கட்டிடத்தில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறாள். இடது காலில் மாவுக்கட்டு. படி இறங்க முடியாது. அவளுக்கு அந்த லிஃப்ட்டை விட்டால் வேறு வழியே இல்லை.

காதுக்காரர் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே சிரித்தார். "திங்கக்கிழமைதான் பாத்துக் கையெழுத்துப் போட்டேன். சுத்தமா ஓடுது. உன் பொண்ணுக்கு எதைக் கண்டாலும் பயம்."

"அப்பா ஒண்ணுமில்லைங்கறார்" என்று டோக்கனம்மா போனில் சொன்னாள்.

"அப்போ சரி. அப்பாவே சொல்லிட்டாரே. நான் ரெண்டு மணிக்குக் கட்டு பாக்க டாக்டர்கிட்ட போறேன். நாலு மணிக்குள்ள வந்துடுவேன்."

மகள் நிம்மதியாகப் போனை வைத்தாள். டோக்கனம்மாவுக்குத்தான் நெஞ்சில் ஏதோ சிக்கிக்கொண்டது.

சொல்லப்போனால் அது சிக்கி ஆறு மாசம் ஆகிறது. பாட்டுப் போட்டால் "போர்வை போத்தின மாதிரி இருக்கு" என்று ஆரம்பிப்பார். புதுசாக ஒரு பெட்டி வந்து இறங்கும். ஒரு வாரம் சந்தோஷம். எட்டாம் நாள் மறுபடியும் போர்வை. போன மாசம் அவளைக் கூட்டிப் போக ஆஸ்பத்திரிக்கு வந்தவர், மூன்று அறையிலும் பல் குடைகிற மிஷின் அலறிக்கொண்டிருந்தபோது, "என்ன இன்னைக்கு இவ்வளவு அமைதி?" என்று கேட்டார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்து அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அவளை இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது.

கேபிள் கடை ஒரு கண்ணாடிக் கட்டிடத்தின் அடித்தளத்தில் இருந்தது. உள்ளே கம்பளம், கனத்த திரை, ஒரே ஒரு சோபா. சுவர் முழுக்க ஒயர்கள் தொங்கின. சில கட்டை விரல் தடிமன். விலைச் சீட்டை டோக்கனம்மா இரண்டு முறை படித்துப் பார்த்தாள். ஒரு மீட்டருக்காம்.

மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்த கடைக்காரர், ஒரு ஒயரைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கிவந்தார்.

"சார், இதுல அம்புக்குறி பாருங்க. இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம்தான் சிக்னல் போகணும்."

"திருப்பி மாட்டிட்டா வந்த பாட்டு திரும்பிப் போயிடுமா?" என்று டோக்கனம்மா கேட்டாள்.

"நீ சும்மா இரு" என்றார் காதுக்காரர்.

தரையில் ஒயருக்கு அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் குட்டிக் குட்டி மர ஸ்டூல்கள் இருந்தன. தரையின் அதிர்வு ஒயரில் ஏறக் கூடாதாம். "எங்க வீட்டுல மனுஷங்க உக்கார்றதுக்கே ஸ்டூல் பத்தல" என்றாள் அவள். கடைக்காரர் சிரித்துவிட்டார். நல்ல மனுஷர்தான். விற்கிற பொருளைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவர்.

காதுக்காரர் தன்னுடைய சிடியை எடுத்துக் கொடுத்தார். இருபது வருஷமாக அவர் எதை வாங்கினாலும் அந்த ஒரே சிடியைப் போட்டுத்தான் சோதிப்பார். நாற்பது பேர் சேர்ந்து வாசிக்கும் இசை. நடுவில் ஓர் இடத்தில் எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். ஒரு சின்ன மணி மட்டும் ஒலிக்கும்.

"மூணாவது நிமிஷத்துல அந்த மணி வரும். அதுதான் பரீட்சை. அதைச் சுத்தமாக் கொடுக்கற ஒயர் எதுவோ அதை எடுத்துக்கறேன்."

முதல் ஒயர் செம்பு. காதுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மணி வந்தது. கணீரென்று அறை முழுக்கப் பரவியது. அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"வருது. ஆனா எங்கேயோ அடுத்த ரூம்லேர்ந்து வருது."

இரண்டாவது வெள்ளிப் பூச்சு. மறுபடியும் மணி வந்தது. டோக்கனம்மாவுக்குப் பல் கூசுகிற அளவுக்குக் கூர்மையாகவே வந்தது.

"ம்ஹூம். அதே போர்வை."

கடைக்காரர் சளைக்கவில்லை. "சார், உங்களுக்கு பை-ஒயர்தான் சரி" என்று மூன்றாவதை எடுத்தார். டோக்கனம்மா பக்கம் திரும்பி விளக்கவும் செய்தார். அந்த ஸ்பீக்கருக்குப் பின்னால் நான்கு திருகுகள். கீழே இருக்கும் இரண்டும் பெரிய கூம்புக்கு. அது தாழ்ந்த சத்தத்தைக் கொடுக்கும். மேலே இருக்கும் இரண்டும் ட்வீட்டர் என்கிற சின்னதுக்கு; மெல்லிய, கீச்சென்ற சத்தமெல்லாம் அதன் வேலை. சாதாரணமாக மேலேயும் கீழேயும் ஒரு பித்தளைத் தகட்டால் சேர்த்திருப்பார்கள். அந்தத் தகட்டைக் கழற்றிவிட்டு, இரண்டுக்கும் தனித்தனியாக ஒயர் கொடுத்தால் சத்தம் பிரிந்து வருமாம்.

தகட்டைக் கழற்றினார். இரண்டு ஸ்பீக்கரிலும் கீழ்த் திருகுகளில் ஒயரை மாட்டினார். அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. யாரோ பெரிய வாடிக்கையாளர் போலிருக்கிறது. ஐந்து நிமிஷம் பேசினார். பேசிக்கொண்டே திரும்பி வந்து, சிடியை ஓடவிட்டு, கைகட்டி நின்றார்.

சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த டோக்கனம்மாவுக்கு ஸ்பீக்கரின் முதுகு தெரிந்தது. மேல் திருகுகளுக்குப் போக வேண்டிய ஒயர்கள், முனையில் பிளாஸ்டிக் மூடியோடு, சும்மா தொங்கிக்கொண்டிருந்தன.

பாட்டு ஓடியது. அவளுக்கே வித்தியாசம் தெரிந்தது. யாரோ ஸ்பீக்கரின் வாயில் துணியை அடைத்தது போல் இருந்தது. கடைக்காரருக்கும் தெரிந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு ஓர் அடி முன்னே வைத்தார்.

காதுக்காரர் கையை உயர்த்தி அவரைத் தடுத்தார். கண் மூடியே இருந்தது. முகத்தில் ஆறு மாசமாகக் காணாத ஒரு மலர்ச்சி.

மூன்றாவது நிமிஷம். நாற்பது பேரும் நிறுத்தினார்கள்.

அறையில் ஒன்றுமே கேட்கவில்லை. நிசப்தம்தான் இருந்தது.

அந்த நிசப்தத்தின் நட்டநடுவில் காதுக்காரர் ஆள்காட்டி விரலை மெல்ல உயர்த்தினார்.

"இதோ" என்றார். "கேட்டியா? இதுதான் மணி. ஆறு மாசம் ஆச்சு இதைக் கேட்டு!"

டோக்கனம்மா அவர் விரலையே பார்த்தாள். வராத மணியை அவர் கேட்டார். இருபது வருஷ ஞாபகம் சரியான நொடியில் மணியை அடித்துக் கொடுத்திருக்கிறது. அப்படியென்றால் வீட்டில் கேட்டதும் அதுதானா? மோட்டார் அறைகளில் கேட்டதும் அதுதானா?

கடைக்காரர் அவளைப் பார்த்தார். சொல்லிவிடட்டுமா என்று அந்தப் பார்வை கேட்டது. அவள் தலையை அசைத்தாள். வேண்டாம் என்று ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"இதையே கட்டிடுங்க" என்றார் காதுக்காரர்.

"இது டெமோ பீஸ் சார்" என்று கடைக்காரர் பொய் சொன்னார். "புதுசு வரவழைக்க ரெண்டு நாள் ஆகும். நானே போன் பண்றேன்."

காதுக்காரர் சிடியை உறையில் போட்டுக்கொண்டு முன்னால் போனதும், கடைக்காரர் வாசற்படியில் அவளிடம் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். எனக்கே கொஞ்சம் இருக்கு. சாருக்கு என்ன வேலை?"

"லிஃப்ட் இன்ஸ்பெக்டர். சத்தத்தை வச்சே சொல்லிடுவார்."

கடைக்காரரின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. அவர் கண்கள் அவளைத் தாண்டி, கட்டிடத்தின் லிஃப்ட் கதவை ஒரு தரம் பார்த்துவிட்டு வந்தன.

"சீக்கிரம் ஒரு டாக்டரைப் பாருங்க மேடம்" என்றார்.

காரில் ஏறிக் கிளம்பினார்கள். இடது பக்க இண்டிகேட்டர் மூன்று தெருவாக டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே வந்தது. பின்னால் வந்தவன் திட்டிவிட்டு முந்திப் போனான். காதுக்காரர் தாளம் போட்டுக்கொண்டே ஓட்டினார்.

மணி மூன்றே கால்.

"நேரா பொண்ணு வீட்டுக்குப் போங்க" என்றாள்.

"எதுக்கு?"

"அந்த லிஃப்ட்டைப் பாக்கணும். கம்பெனியிலேர்ந்து இன்னொருத்தரையும் வரச் சொல்லுங்க."

"நான் பாத்ததை இன்னொருத்தன் பாக்கணுமா? யாரு கையெழுத்து தெரியுமா அது?"

"தெரியும். அதனாலதான் சொல்றேன்."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. உங்க காது போயிடுச்சுங்க. மூன்றே வார்த்தை. பல் பிடுங்க வந்தவர்களுக்கெல்லாம் தைரியம் சொல்லி உட்கார வைப்பவளுக்கு அந்த மூன்று வார்த்தை வரவில்லை. ரிட்டயர் ஆக இன்னும் இரண்டே வருஷம். காது இல்லை என்றால் காதுக்காரரிடம் என்ன மிச்சம் இருக்கும்? கடையில் அந்த முகம் எப்படி மலர்ந்தது! இரக்கப்பட்டு வாயை மூடிக்கொண்டாள். செய்திருக்கக் கூடாது.

"சரி, உன் திருப்திக்கு ஒரு தடவை பாத்துடலாம்" என்று அவரே காரைத் திருப்பினார்.

கட்டிடத்தில் லிஃப்ட் கீழேயே நின்றிருந்தது. உள்ளே சுவரில், கண்ணாடிக்குப் பக்கத்தில், அவர் கையெழுத்தோடு பரிசோதனைச் சீட்டு. ஏறலாமா என்று அவள் கால் தயங்கியது. காதுக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன, நான் பாத்த லிஃப்ட்ல ஏற உனக்கே பயமா?"

ஏறினாள்.

இரண்டாவது மாடி தாண்டியதும் அது ஆரம்பித்தது. முதலில் எலி கத்துவது போல. பிறகு மாடிக்கு மாடி கூர்மை ஏறி, தலைக்கு மேலே எங்கோ இரும்பை இரும்பு அறுப்பது போல. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கேக்குதா?" என்றாள்.

"என்ன?"

"அந்தக் கீச்சு சத்தம்."

ஒரு நொடி தாமதம். அந்த ஒரு நொடியில் அவர் கண் அவள் முகத்தைத் தடவிப் பார்த்து, அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கப் பார்த்தது.

"ஓ, அதுவா? கதவு ரப்பர். எண்ணெய் போட்டா நின்னுடும்."

சத்தம் கதவிலிருந்து வரவில்லை. மேலிருந்து வந்தது. அப்போதுதான் டோக்கனம்மாவுக்கு இரண்டாவது உண்மையும் புரிந்தது. அவருக்குத் தெரியும். முழுசாகத் தெரியாவிட்டாலும் பாதி தெரியும். ஆறு மாசமாக எதிராளியின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சமாளித்து வந்திருக்கிறார். முகம் பார்த்துக் கையெழுத்துப் போட்ட லிஃப்ட்டுகள் இந்த ஊரில் எத்தனை இருக்கும்?

மோட்டார் அறை மொட்டை மாடியில், தகரக் கதவுக்குப் பின்னால். உள்ளே அனல். கருகிய கிரீஸ் நாற்றம். மோட்டாருக்கு அடியில் சிமெண்ட் தரையில் செம்பழுப்பாக ஒரு பொடி, யாரோ ஒரு கைப்பிடி கொட்டி வைத்தது போல.

"பொடி கொட்டியிருக்கு பாருங்க."

"பழசு. துடைக்காம விட்டிருப்பாங்க."

கீழே யாரோ பட்டனை அழுத்தியிருக்க வேண்டும். மோட்டார் தானாகக் கிளம்பியது. டோக்கனம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். இந்தச் சின்ன அறைக்குள் அந்தக் கீச்சொலி மண்டையைத் துளைத்தது. காதுக்காரர் காரிலிருந்து கொண்டுவந்திருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். முனை மோட்டாரில், கைப்பிடி காதில். கண்ணை மூடினார். கடையில் பார்த்த அதே முகம்.

"அருமையா ஓடுது" என்றார். "கம்முனு ஓடுது."

இனிமேலும் பொறுக்க அவளால் முடியவில்லை.

"கடையில அந்த மணி வரவே இல்லைங்க."

"என்ன?"

"மூணாவது ஒயர். மேல் திருகுல மாட்ட அவர் மறந்துட்டார். என் கண்ணால பாத்தேன். அந்தச் சின்ன ஸ்பீக்கர் ஓடவே இல்ல. மணி வர்ற இடத்துல ஒண்ணுமே வரல. நீங்க மட்டும்தான் விரலைத் தூக்கினீங்க."

அவர் முகம் கறுத்தது. "எனக்கே காது குத்தறியா?" கீழே போய் நின்ற லிஃப்ட் மறுபடி மேலே கிளம்பியது; மோட்டார் மீண்டும் கீச்சிட்டது.

"இப்போ இந்த ரூம்ல ஒரு சத்தம் வருதுங்க. நான் காதைப் பொத்திட்டு நிக்கறேன். உங்களுக்கு அது கேக்கல. முதல்ல இதை நிறுத்துங்க."

"முப்பத்தோரு வருஷம்! டோக்கன் குடுக்கறவ வந்து எனக்கு மோட்டார் சொல்லித் தர்றியா?"

அது அவளைச் சுட்டது. ஆனால் அழுவதற்கு இது நேரமில்லை. சுவரில் சிவப்புக் கைப்பிடி ஒன்று இருந்தது. அது என்னவென்று முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா? இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தாள்.

மோட்டார் உறுமி அடங்கியது. கயிறுகள் ஒரு தரம் அதிர்ந்து நின்றன.

காதுக்காரர் பதறிப்போய் ஓடிவந்தார். "பைத்தியமா உனக்கு? ஓடற லிஃப்ட்டை யாராவது இப்படி நிறுத்துவாங்களா? உள்ள ஆள் இருந்தா என்ன ஆகறது?"

டோக்கனம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு அடிக்க ஐந்து நிமிஷம். டாக்டரிடமிருந்து மகள் திரும்பும் நேரம்.

சரியாக அப்போது அது ஆரம்பித்தது. சுவரில், காதுக்காரரின் தலைக்கு ஒரு சாண் பின்னால், தீப்பெட்டி அளவு சாம்பல் நிறப் பெட்டி. அதிலிருந்து மெல்லிசாக, கூர்மையாக, விட்டு விட்டு ஒரு ஒலி. லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் அழுத்துகிற அபாய பஸ்ஸர். விட்டு விட்டு வந்தது, பிறகு விடாமல் வந்தது. உள்ளே இருப்பவர் பட்டனிலிருந்து விரலை எடுக்கவில்லை.



காதுக்காரர் தலையைச் சாய்த்து, கவனமாக, முப்பத்தோரு வருஷப் பழக்கத்தோடு உற்றுக் கேட்டார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"நல்லவேளை, காலி லிஃப்ட்டுதான். யாராவது உள்ள மாட்டியிருந்தா இந்நேரம் பஸ்ஸர் அடிச்சிருப்பாங்களே."

சொல்லிக்கொண்டே சிவப்புக் கைப்பிடியை மறுபடி மேலே தள்ளக் கையை நீட்டினார்.

டோக்கனம்மா அந்தக் கையைப் பிடித்தாள். பிடித்து இழுத்து, விரல்களை விரித்து, சுவரிலிருந்த அந்தச் சின்னப் பெட்டியின் மேல் அழுத்தி வைத்தாள்.

பெட்டி அவர் உள்ளங்கைக்குள் துடித்தது.

முதலில் அவருக்குப் புரியவில்லை. கையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். கோபம், பெருமை, முப்பத்தோரு வருஷம் எல்லாம் அந்த முகத்தை விட்டு ஒவ்வொன்றாக இறங்கிப் போவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பார்க்க முடியாமல்தான் பார்த்தாள்.

"எவ்வளவு நேரமா அடிக்குது?" என்றார். குரலே எழும்பவில்லை.

அவள் பதில் சொல்வதற்குள் கைப்பைக்குள் போன் ஒளிர்ந்தது. மகள்.

"அம்மா! லிஃப்ட் பாதியில நின்னுடுச்சும்மா. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல. அப்பாவுக்கு உடனே போன் பண்ணு. அப்பா வந்தா சரியாயிடும்."

டோக்கனம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் அந்த அறையில் ஏதோ அசைந்தது. மோட்டார் ஓடவில்லை; கைப்பிடி கீழேதான் இருந்தது. ஆனாலும், பிரேக் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டிய, கயிறுகளைத் தாங்கி நின்ற பெரிய சக்கரம், யாரும் தொடாமல், ஒரு விரல்கடை அளவு திரும்பி நின்றது.

அதில் சத்தமே இல்லை. அதனால் இந்த முறை இருவருமே அதைப் பார்த்தார்கள்.